மேஜர் துரையின் போரும் என் அக்குள் தையலும்

1932 செப்டம்பர் 12, திங்கள்

இன்று இரண்டு சட்டைக் காலர் திருப்பிப் போட்டேன். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஜொகூரின் இந்த ஆயர் ஈத்தாமில் யாரும் புதுச் சட்டை தைப்பதில்லை. நைந்த காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். ஊரே இப்போது உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நடக்கிறது.

மாலையில் மேஜர் தோட்டத்துக் கார் வந்தது. அந்தத் தோட்டம் சிம்பாங் ரெங்கம் போகிற வழியில் இருக்கிறது. தோட்டத்துக்கு வேறு பெயர் உண்டு. துரை பட்டாளத்தில் மேஜராக இருந்தவர் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் இது. நாளை மறுநாள் துரை என்னைப் பார்க்க வேண்டுமாம். என்ன தப்பு செய்தீர்கள் என்று அருளாயி கேட்டாள். கட்டிய நாளிலிருந்து எந்த விஷயத்துக்கும் அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

செப்டம்பர் 14

துரைமார் கிளப்பில் நவம்பர் 11 அன்று, சண்டை நின்ற நாளைக் கொண்டாட, மைதானத்தில் ஒரு போர் நடத்திக் காட்டப் போகிறார்களாம். மேஜர் துரையின் சொந்தப் போர். 1917 பிப்ரவரியில் பஸ்ராவுக்கு மேலே ஆற்றைக் கடந்து எதிரியின் குழிகளைப் பிடித்தார்களே, அது. சிப்பாய்களாகத் தோட்டத்து ஆட்கள் இருபத்து நாலு பேர். உடுப்பு எல்லாம் நான் தைக்க வேண்டும்.

துரை ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். கோட்டில் ஆறு பொத்தான். ஐந்து என்றேன். முறைத்தார். அந்தப் பட்டாளத்தில் நான் தர்ஜியாக இருந்தேன், 1915 முதல் 1919 வரைக்கும், அந்தக் கோட்டுகளில் பாதி என் கையால் தைத்தது என்றேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் எங்கள் பட்டாளத்துக்கு வந்தது 1917 ஜனவரியில். தர்ஜி கூடாரத்துப் பக்கம் அதிகாரிகள் வரமாட்டார்கள், அதனால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பொத்தான்கூடத் தப்பக் கூடாது என்றார். தப்பாது என்றேன்.

எனக்குச் சந்தோஷம்தான். ஏன் மறைக்க வேண்டும். பதின்மூன்று வருஷமாக எவனும் என்னிடம் பொத்தான் எத்தனை என்று கேட்டதில்லை.

செப்டம்பர் 21

காலில் சுற்றும் பட்டித் துணி பற்றிச் சண்டை. சிங்கப்பூரிலிருந்து வந்த படத்தில் முழங்காலில் ஆரம்பித்துக் கணுக்காலில் முடித்திருக்கிறார்கள். அது குதிரைப்படை. காலாட்படை கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே முடிக்கும். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சின்னத்தம்பி, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியுமோ என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.

சின்னத்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். இதையும் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 27

எதிரியின் தொப்பி. கிளப்பில் எல்லாருக்கும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி வேண்டும் என்று ஆசை. எதிரியான துருக்கிச் சிப்பாய் அங்கே சிவப்புத் தொப்பி போடவில்லை. காக்கித் துணியைச் சுற்றித் தைத்த ஒன்றைப் போட்டிருந்தான். நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவர்கள் எல்லாரும் செத்துக் கிடந்தவர்கள், ஆனால் தொப்பி இருந்தது.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மலாய் ஊர்த்தலைவரான பெங்ஹுலு கிளப்புக்கு வந்தார். ஜொகூர் மலாய்க்காரர்களுக்குத் துருக்கி சுல்தான் மேல் பழைய மரியாதை உண்டு. பெங்ஹுலு தேநீர் குடித்தார், துருக்கியர் நல்லவர்கள் என்றார், போய்விட்டார். சாயங்காலத்துக்குள் எதிரிக்கு நாடு இல்லை என்று முடிவாயிற்று. வெறும் எதிரி.

நாடில்லாத எதிரிக்கு என்ன தொப்பி தைப்பது? துரையிடம் கேட்டேன்.  வெறுந்தலை.

அக்டோபர் 2, ஞாயிறு

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற இடத்தில், அளவெடுத்தேன். பதினேழாவது ஆள் கையை நீட்டினார். அளவு நாடாவைப் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

“தையக்காரரே” என்றார்.

அய்யாவு.

எங்கள் பட்டாளத்து அய்யாவு. நெஞ்சளவு முப்பத்தேழு இருந்தது, இப்போது முப்பத்திரண்டு. இருமுகிறார். இரண்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாராம். பத்து மைலில் இருந்திருக்கிறோம், தெரியவில்லை.  நாடாவில் இருந்த எண்ணைத் தப்பாகச் சொன்னேன், எழுதினவர் திரும்பக் கேட்டார்.

அக்டோபர் 4

சின்னத்தம்பி கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றுகிறார்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் அய்யாவுவின் பெயர் இருந்ததாம். அங்கே அவருக்கு நிலமும் இல்லை, சொந்தமும் இல்லை. பெண்டாட்டி வெள்ளையம்மா சிரம்பானில் பிறந்தவள், நாகப்பட்டினத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நிலைமையில் தன் பட்டாளத்து ஆள் ஒருவன் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் இருக்கிறான் என்று துரைக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டு என்ன பதவி என்று கேட்டாராம். ஹவில்தார் என்றாராம் அய்யாவு.

என் பட்டாளத்து ஹவில்தார் என் தோட்டத்திலிருந்து கப்பலேற மாட்டான் என்று துரை பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். கிளப்புக்கு ஜாகா வேலை. காவல் காத்தால் போதும், பால் வெட்ட வேண்டாம். நவம்பர் 11 அன்று சட்டைக் கையில் ஹவில்தாரின் மூன்று பட்டை போட்டுக்கொண்டு படைக்கு முன்னால் ஓட வேண்டும்.

ஒரு சங்கதி பாக்கி. அய்யாவுவிடம் பட்டாளத்துக் காகிதம் எதுவும் இல்லை, கறையான் தின்றுவிட்டது. ஆகையால் தர்ஜி சொன்னால் போதும் என்று துரை சொல்லியிருக்கிறார். பொத்தான் விஷயத்தில்கூடப் பொய் சொல்லாத ஆள் என்றாராம்.

யோசித்துச் சொல்லும், அவசரமில்லை என்று சின்னத்தம்பி போய்விட்டார். ஆமாம் இல்லை என்று சொல்வதற்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 5

எழுதித்தான் தீர வேண்டும்.

1916 டிசம்பர். ஆற்றங்கரையில் கூடாரம். ராத்திரி வாளித் தண்ணீர் உறைந்துபோகும். சிப்பாய்களுக்குக் கம்பளித் துணி வந்து, கோட்டு தைத்துக் கொடுத்திருந்தோம். காயம்பட்டவர்களை டோலியில் தூக்குகிறவர்களுக்கும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் வரவில்லை. அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அய்யாவு அப்போது ஹவில்தார், உடுப்புக் கிடங்கு அவர் கையில். ஒன்பது கோட்டை எடுத்து, பித்தளைப் பொத்தானை அறுத்துவிட்டு, டோலிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு கேப்டன் கோட்டு போட்ட டோலிக்காரன் ஒருவனைப் பிடித்தார். கோட்டு எங்கிருந்து வந்தது? பஸ்ரா சந்தையில் வாங்கினேன் என்றான். பொத்தான் இல்லை, பட்டாளத்து எண்ணும் இல்லை. யாராலும் சொல்ல முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். இது உன் தையலா?

நான் அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துணி வைத்து, ஓரத்தை மடித்து, திரும்பத் திரும்ப ஏழு தையல் போட்டு முடிப்பேன். கையைத் தூக்கினால் கிழியாது. வேறு தர்ஜி யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆமாம் சார், என் தையல் என்றேன். பெருமையாகச் சொன்னேன்.  யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. நல்ல தையல் என்று சொல்வார்கள் என்று நினைத்துச் சொன்னேன்.

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் அய்யாவுவின் பட்டையை எடுத்தார்கள். எடுத்தது யார்? தர்ஜி. வேறு யார் பிரிப்பார்கள். அய்யாவு எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று கையை நேராக நீட்டிப் பிடித்திருந்தார். கோட்டு ஒன்பதையும் பிடுங்கினார்கள். டோலிக்காரர்களில் இரண்டு பேர் கிறிஸ்துமஸுக்குள் செத்தார்கள்.

ஆகவே 1917 பிப்ரவரிப் போரில் அய்யாவு வெறும் சிப்பாய். சரியாகத் தைப்பதென்றால் கையில் பட்டை ஒன்றும் இருக்கக் கூடாது.

அக்டோபர் 8

மழை. ஒன்றும் தைக்கவில்லை.

அக்டோபர் 11

வெள்ளையம்மா கடைக்கு வந்தாள். நான் அவளை முன்பின் பார்த்ததில்லை. யார் என்று அவளே சொன்னாள். ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கை மிஷின் பக்கத்தில் வைத்தாள்.

“உங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு. நான் கேக்கல. கெழங்கு குடுக்கத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.  அருளாயி காப்பி கொடுத்தாள். போன பிறகு, என்ன தப்பு செய்தீர்கள் என்றாள் அருளாயி. இந்தத் தடவை சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். கிழங்கை உரிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 15

முதல் ஒத்திகை. பிப்ரவரி என்றால் அங்கே குளிர், ஆகையால் கம்பளிக் கோட்டோடு ஓட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. சரியான உத்தரவு, நானே அப்படித்தான் சொல்லியிருந்தேன். மணி இரண்டு. நல்ல வெயில். போரில் நாலு பேர் சாக வேண்டும் என்று திட்டம். ஒத்திகையில் நாலு பேர் மயங்கி விழுந்தார்கள். துரை அந்த நாலு பேரையே சாகிறவர்களாக நியமித்துவிட்டார்.

அய்யாவு விழவில்லை. இருமிக்கொண்டே ஓடினார். கூட ஓடினவன் ஒருவனின் பட்டி அவிழ்ந்தபோது நின்று, குனிந்து, கணுக்காலிலிருந்து மேலாகச் சுற்றிவிட்டார். துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அக்டோபர் 19

துரை இங்கிலாந்தில் இருக்கிற தன் தங்கைக்கு எழுதிப் பழைய போட்டோ வரவழைத்திருக்கிறார். 1917 ஜனவரியில் எடுத்தது. பட்டாளம் முழுக்க வரிசையாக. மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, கோட்டோடு நின்றவர்களின் பொத்தான்களை எண்ணினோம். ஐந்து. துரைக்கு என் மேல் மதிப்பு இன்னும் ஏறியது.

பிறகு அய்யாவுவைக் கூப்பிட்டு, நீ எங்கே என்றார். அவர் தயங்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் கடைசி ஆள் மேல் விரலை வைத்தார். வேறு யார் மேலாவது வைத்திருக்கலாம். முகம் எல்லாம் மிளகு அளவுதான்.

துரை பூதக்கண்ணாடியை, கோட்டில்லாமல் நின்ற அந்த ஆளின் காக்கிச் சட்டைக் கை மேல் கொண்டுபோனார். அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டை இல்லை. ஆனால் பட்டை இருந்த இடம் இருந்தது. ஒரு கோடை முழுக்க வெயில் குடித்துக் காக்கி வெளுத்துப்போய், பட்டைக்கு அடியில் இருந்த துணி மட்டும் வெளுக்காமல், கறுப்பாக மூன்று கோணம்.

துரை ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று பட்டை இருக்கிறது, ஆனால் மற்ற ஹவில்தார்களுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, இவனுக்கு ஏன் கறுப்பு என்று என்னைக் கேட்டார். சின்னத்தம்பி பென்சிலை எடுத்துக்கொண்டார். அய்யாவு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியைப் பற்றி நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லித்தான் விற்பேன். அதனால்தான் கடை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

“அந்த மாசம் வெள்ளைப் பட்டை தீர்ந்துபோச்சு துரை. புதுசா வந்தது கறுப்புப் பட்டை. நான்தான் தைச்சேன்” என்றேன்.

 துரை மேசையில் ஓங்கித் தட்டினார். சந்தோஷத்தில். இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்றார். உண்மைதான், இல்லை. பிறகு சொன்னார்: அப்படியானால் அய்யாவுவுக்கு வெள்ளைப் பட்டை வைக்கக் கூடாது. அந்தக் கறுப்புப் பட்டைதான் வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

சின்னத்தம்பி எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 23, ஞாயிறு

மாதம் ஒருமுறை வருகிற மாதாகோயில் சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில், துணி விஷயத்தில் பொய் சொன்னேன் என்றேன். விலையிலா என்று கேட்டார். நிறத்தில் என்றேன். அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். மூன்று பட்டை, மூன்று தரம்.

1916-ஐப் பற்றிச் சொல்லவில்லை. அது பொய் இல்லையே, அதில் என்ன சொல்வது?

அக்டோபர் 30

காக்கித் துண்டைத் தேயிலைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்தேன். சரியான நிறம் வந்தது. மூன்று பட்டை வெட்டி, அய்யாவுவைக் கடைக்கு வரச்சொல்லி, போட்டுப் பார்த்தேன். அவர் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது பட்டை இல்லையே, தையக்காரரே. பட்டை இருந்த எடம்.”

ஆமாம் என்றேன். என்னை மன்னியுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஊசியை வாயில் கவ்வியிருந்தேன். அது ஒரு சாக்கு. ஊசியை எடுத்திருக்கலாம்.

அய்யாவு எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று கையை நேராக நீட்டிப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்த மாதிரியே. தைத்து முடிக்கிற வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை ஒழியவில்லை.

நவம்பர் 11, வெள்ளி

போர் நடந்தது. மூன்று மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, மழையால் நாலரைக்கு ஆரம்பித்தது. எதிரியின் குழிகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் எதிரிகள் கரையில் ஏறி, மரத்தடியில் காத்திருந்தார்கள். நம் படை வருவதற்கு முன்பே சரணடைந்துவிட்டார்கள். சாகவேண்டிய நாலு பேரும் சேற்றில் விழ மறுத்து, புல் இருந்த இடமாகப் பார்த்து ஓடிப் போய்ச் செத்தார்கள்.

அய்யாவு முன்னால் ஓடினார். ஐந்து பொத்தானும் பூட்டி, பட்டி கணுக்காலிலிருந்து மேலாக, கையில் மூன்று கறுப்புப் பட்டை. முடிவில் மேஜர் துரை மழையில் இறங்கி வந்து அவருக்கு சல்யூட் வைத்தார். அய்யாவு பதிலுக்கு வைத்தார்.  துரை அழுதார். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார்.

வெள்ளையம்மா பின்னால் நின்று பார்த்தாள். எனக்குக் கும்பிடு போடவில்லை. நல்லவேளை.

நவம்பர் 29

அய்யாவு கிளப்பில் ஜாகா. உடுப்புகளையெல்லாம் உலர்த்தி மடித்துக் கிளப்புக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள், அடுத்த வருஷப் போருக்கு. சாவி அவரிடம்.

மூவார் கிளப்பிலிருந்து கடிதம். அவர்களும் ஒரு போர் நடத்துகிறார்களாம். 1917-இல் அந்தப் பட்டாளத்து ஹவில்தார்கள் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள் என்று மேஜர் துரை பத்திரிகையில் எழுதியிருப்பதைக் கண்டார்களாம். அதேபோல எட்டு ஜோடி வேண்டும், நிறம் தப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

தேயிலை வாங்கி வந்தேன்.

டிசம்பர் 9

பத்து நாளாக விடாத மழை. தோட்டத்து லயங்களில் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல் தரையில் படுக்க வைத்திருக்கிறார்களாம். அருளாயி இரண்டு பழைய போர்வை கொடுத்து அனுப்பினாள்.

டிசம்பர் 20, செவ்வாய்

சின்னத்தம்பி மழையில் நனைந்துகொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு மூட்டை. பிரித்துப் போட்டார். கம்பளிக் கோட்டு. பொத்தான் இல்லை. ஐந்து இடத்திலும் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரித் தரையில் கிடந்த ஒருவனிடமிருந்து எடுத்து வந்தாராம். சிங்கப்பூர் சந்தையில் வாங்கினேன் என்கிறானாம். கிளப்புக் கிடங்கில் ஒன்பது கோட்டு குறைகிறது. அய்யாவுவைக் கேட்டால் தெரியாது என்கிறார். துரை, தர்ஜியைக் கேள் என்று அனுப்பியிருக்கிறார்.

ஒன்பது. அதே ஒன்பது. அந்த மனுஷனுக்கு வேறு எண் தெரியாதா?

“கிரகோரி, இது உம்மட தையலோ? ஓம் எண்டால் இது கிளப்புக் கோட்டு. கிளப்புக் கோட்டெண்டால் அய்யாவுவுக்கு அடுத்த கப்பல். வடிவாப் பார்த்துச் சொல்லும்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அக்குளைத் திருப்பினேன். சின்னச் சதுரத் துணி. மடித்த ஓரம். ஏழு தையல்.

“இல்லை” என்றேன். “யாரோ கத்துக்குட்டி தைச்சது. பாருங்க, எவ்வளவு கோணல்.”

சின்னத்தம்பி கோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் என் கடையில் ஆறு வருஷமாகச் சட்டை தைத்துக்கொள்கிறவர். அவர் போட்டிருந்த சட்டைக்கும் அதே அக்குள்தான். கோணல்தான் என்றார். பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, பொத்தான் இல்லாமல் அவனுக்குக் குளிரும், ஏதாவது வைத்துக் கொடும், நான் காத்திருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

முப்பது வருஷத்தில் நான் தைத்ததிலேயே நேரான தையல் அது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

டப்பாவில் தேடினேன். பித்தளைப் பொத்தான் கைநிறைய இருந்தது, போருக்கு வாங்கியதில் மீந்தது. அந்தக் கோட்டுக்கு அதுதான் சரி. கறுப்புக் கால்சட்டைப் பொத்தான் ஐந்து எடுத்து வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.